கிழிந்தது செவிப்பறை, போனது என் இன்சென்டிவ்

மெடிக்கல் கோடிங், அதாவது டாக்டர் எழுதிய குறிப்பை இன்சூரன்ஸுக்குப் போகும் கோடாக மாற்றும் வேலை, அதில் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அமெரிக்க மருத்துவமனைகளின் எமர்ஜென்சி சார்ட்கள் (நோயாளிக் குறிப்புகள்) கை பழகி, "இனி இது நமக்கு அத்துப்படி" என்று ஒரு தெனாவட்டு வரும் பாருங்கள், சரியாக அந்த நேரத்தில் என்னைக் காது மூக்கு தொண்டை டீமுக்கு மாற்றினார்கள். வீட்டிலிருந்தே வேலை. பக்கத்து சீட்டில் திரும்பி "அக்கா, இதுக்கு என்ன போடறது?" என்று கேட்க ஆள் கிடையாது. சாட்டில் கேட்டால் பதில் வர அரை மணி நேரம், அதற்குள் டார்கெட் போய்விடும். அதனால் கேட்காமலே போட்டேன். அடுத்த மூன்று மாதத்தில் மாதம் 3,500 வீதம் 10,500 ரூபாய் இன்சென்டிவ் போனது, இரண்டு சனிக்கிழமைகள் பழைய சார்ட்களைத் திருத்துவதில் போயின. எல்லாம் செவிப்பறை ஓட்டை என்ற ஒரே ஒரு விஷயத்தால். முதல் வாரத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன்.

எங்கள் கோட்களைச் சரிபார்க்கும் ஆடிட்டின் மெயில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. 40 சார்ட் எடுத்துப் பார்த்திருந்தார்கள். ஆறு தப்பு. அதாவது 85 சதவீதம். எங்களுக்கு 95 வேண்டும். எக்செல் தாளில் சிவப்பு நிறம் அடித்த அந்த ஆறு வரிகளையும் பார்த்தால், ஆறும் காது. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு அழுதேன் என்பதை ஒளிப்பதற்கில்லை. மூக்கு, தொண்டை, சைனஸ் எல்லாம் சரியாகப் போட்டவள் காதில் மட்டும் ஏன் இப்படி விழுந்தேன் என்று அன்றைக்குப் புரியவில்லை.

நான் செய்துகொண்டிருந்தது இதுதான். சார்ட்டைத் திறந்ததும் நேராகக் கடைசிக்குப் போவேன். டாக்டர் தன் முடிவை எழுதும் அசெஸ்மென்ட்டில் "டிஎம் பெர்ஃபொரேஷன், ரைட்", அதாவது வலது செவிப்பறையில் ஓட்டை என்று இருக்கும். கோட் தேடும் மென்பொருளான என்கோடரில் பெர்ஃபொரேஷன், டிம்பானிக் மெம்ப்ரேன் என்று தட்டினால் எச்72 வரும், வலது காது என்றால் எச்72.91. முடிந்தது, அடுத்த சார்ட். ஒரு சார்ட்டுக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. ஓட்டை என்றால் ஓட்டைதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

இருக்கிறது. நோய்களுக்கான அமெரிக்கக் கோட் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மைப் பொறுத்தவரை ஓட்டை இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். எப்படி வந்தது என்பதுதான் மீதி. அடிபட்டுக் கிழிந்திருந்தால் எஸ்09.2, அது காயங்களின் அத்தியாயத்தில் இருக்கிறது. திடீரென்று வந்த சீழ்த்தொற்று உள்ளிருந்து அழுத்தி உடைத்திருந்தால் எச்66.01, அதில் உடைந்ததும் சேர்ந்தே அடக்கம். இவை இரண்டும் இல்லாத ஓட்டைகளுக்குத்தான் எச்72. இதையெல்லாம் யாரும் மறைத்து வைக்கவில்லை. எச்72-க்குக் கீழேயே எக்ஸ்க்ளூட்ஸ் 1 என்று போட்டு எச்66.01, எஸ்09.2 இரண்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள். "இங்கே வராதே" என்று வாசலில் போர்டு மாட்டியது மாதிரி. என்கோடரில் நேராகக் கோட்டைத் தேடி எடுப்பவர்களுக்கு அந்த வாசல் கண்ணிலேயே படாது. கோட்கள் வரிசையாக இருக்கும் டேபுலர் லிஸ்ட்டைத் திறந்து தலைப்புக்குக் கீழே இருக்கும் குறிப்புகளைப் படிப்பவர்களுக்குத்தான் தெரியும். வகுப்பில் படித்தது எனக்கும் நினைவிருந்தது. டார்கெட் துரத்தும்போது கை அங்கே போகவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆறில் ஒரு குழந்தையின் சார்ட் இருந்தது. நோயாளி சொன்ன வரலாற்றை எழுதும் எச்பிஐ பகுதியில் நாலு வரி. இரண்டு நாளாகக் காய்ச்சல், காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரவெல்லாம் அழுகை, விடியற்காலையில் அழுகை தானாக நின்று குழந்தை தூங்கிவிட்டது, காலையில் பார்த்தால் தலையணையில் மஞ்சள் ஈரம். இடது காது. டாக்டர் அசெஸ்மென்ட்டில் இரண்டு வரி எழுதியிருந்தார்: அக்யூட் சப்யூரேட்டிவ் ஒடைட்டிஸ் மீடியா (திடீரென்று வந்த நடுக்காதுச் சீழ்த்தொற்று), அடுத்து டிஎம் பெர்ஃபொரேஷன், இரண்டும் லெஃப்ட். நான் இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டு எச்72.92 போட்டேன். வர வேண்டியது எச்66.012 ஒன்று மட்டும். இன்னொரு சார்ட்டில் நேர் எதிர்த் தப்பு. எச்66.011 சரியாகப் போட்டுவிட்டு, விட்டுப்போகக் கூடாதே என்று எச்72.91-ஐயும் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். எக்ஸ்க்ளூட்ஸ் 1 இருக்கும்போது ஒரே காதுக்கு அந்த இரண்டையும் சேர்த்து அனுப்பக் கூடாது.

மூன்றாவது, நாள்பட்டு ஒழுகும் இடது காது. க்ரானிக் டியூபோடிம்பானிக் சப்யூரேட்டிவ் ஒடைட்டிஸ் மீடியா, சென்ட்ரல் பெர்ஃபொரேஷன் என்று டாக்டர் அழகாக எழுதியிருந்தார். இங்கே எச்72 வரும், ஆனால் தனியாக வராது. தொற்று முதலில், ஓட்டை பின்னால்: எச்66.12, அப்புறம் எச்72.02. நான் வெறும் எச்72.92 போட்டிருந்தேன். சென்ட்ரல் என்று எழுதியிருந்ததைக்கூட எடுக்கவில்லை. இந்த சென்ட்ரல் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் ரொம்ப நாள் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். நட்ட நடுவில் ஓட்டை என்று அர்த்தம் இல்லை. ஓட்டையைச் சுற்றிச் செவிப்பறை கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது, விளிம்பு வளையத்தைத் தொடவில்லை என்று அர்த்தம். விளிம்பைத் தொட்டால் மார்ஜினல், மேலே தளர்ந்த பகுதியில் இருந்தால் ஆட்டிக். டாக்டர் "முன்பக்கம், கீழே, 20 சதவீதம்" என்று மட்டும் எழுதினால் நாமாக சென்ட்ரல் என்று முடிவு கட்டக் கூடாது, நமக்கு எவ்வளவு நன்றாகப் புரிந்தாலும் சரி.

நான்காவதும் ஐந்தாவதும் அடி. ஒன்றில் பஞ்சுக் குச்சியால் காது குடையும்போது யாரோ கதவைத் திறந்து முழங்கை இடிபட்டிருக்கிறது. இன்னொன்று ஒரு பெண், 22 வயது. "இடது காதில் திறந்த கையால் அடிபட்டார்" என்று எச்பிஐயின் முதல் வரியே இருந்தது. அறை விழும்போது காதுக்குழாய்க்குள் காற்று அழுந்தி செவிப்பறை கிழியும், புத்தகத்தில் படித்ததுதான். நான் அந்த வரியைப் படிக்கவே இல்லை. கடைசிக்குப் போய் எச்72.92 போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குத் தாவிவிட்டேன். இன்சென்டிவ் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், இதுதான் என்னை உறுத்தியது. யாரோ கை ஓங்கி அடித்ததை நான் மூன்று நிமிடத்தில் காது நோயாக மாற்றி அனுப்பியிருக்கிறேன். டாக்டர் எழுதியது குறிப்பில் அப்படியே இருக்கும், சரி. ஆனால் இன்சூரன்ஸுக்கு அனுப்பும் க்ளெய்மில் போவது என் கோட். அதைப் பார்ப்பவர்களுக்கு அங்கே ஒரு அடியே விழவில்லை.

அதற்குச் சரியான கோட் எஸ்09.22எக்ஸ்ஏ. இந்த வாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஸ்09.22 ஐந்து எழுத்து, ஏழாவது எழுத்து கட்டாயம், அதனால் நடுவில் ஒரு எக்ஸ் இடம் பிடித்து உட்கார வேண்டும். அதை விட்டால் கோடே செல்லாது. ஏழாவது எழுத்தில் ஏ என்றால் முதல் விசிட் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெயர் இனிஷியல் என்கவுன்டர் என்று இருப்பதால் வந்த வினை. உண்மையில் அது ஆக்டிவ் ட்ரீட்மென்ட் நடக்கும் விசிட். ஆறி வருவதைப் பார்க்கும் கட்டத்துக்குப் போனால்தான் டி.

ஆறாவது தப்பு இதில்தான் வந்தது, அது தப்பே இல்லை. பஞ்சுக் குச்சி கேஸ் மாதிரியே இன்னொன்று, எமர்ஜென்சியில் பார்த்து அனுப்பிய நோயாளி பத்து நாள் கழித்துக் காது டாக்டரிடம் வந்து, அவர் அன்றைக்கே கிழிசலின் ஓரத்தைச் சரிசெய்து பேட்ச் வைத்தார். சிகிச்சைகளுக்கான சிபிடி தொகுப்பில் அதன் கோட் 69610. நான் ஏ போட்டேன். ஆடிட்டர், ஏற்கெனவே எமர்ஜென்சியில் பார்த்தாயிற்று, எனவே டி என்று சிவப்படித்தார். பேட்ச் வைப்பது சிகிச்சை இல்லாமல் வேறென்ன? ஐசிடி கோடிங்குக்கான அஃபிஷியல் கைட்லைன்ஸ், வேறு டாக்டர் தொடரும் சிகிச்சைக்கும் ஏ என்றுதான் சொல்கிறது. ஆனால் மற்ற ஐந்தும் என் தப்பாக இருந்ததால் ஆறாவதைக் கேட்க வாய் வரவில்லை. ஆடிட்டை மறுத்து எழுதும் ரீபட்டலுக்கு 48 மணி நேரம் கொடுப்பார்கள், வெட்கத்தில் அதை ஓடவிட்டேன். கேட்டு ஜெயித்திருந்தாலும் 87.5 தான், இன்சென்டிவ் வந்திருக்காது. இருந்தும் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதால் அந்தத் தப்பான விதி ஃபீட்பேக் தாளில் என் டீமுக்கே போனது, நாலு பேர் அடுத்த மாதம் டி போட்டு மாட்டினார்கள். அதனால் ஐந்து தப்பை ஒப்புக்கொண்டாலும் ஆறாவதைக் கைட்லைன் பத்தியோடு எழுதி அனுப்புங்கள். ஆடிட்டரும் மனிதர்தான், பெரும்பாலும் திருத்திக்கொள்வார்கள்.

அடுத்த மாதம் எச்சரிக்கையாக இருக்கிறேன் பேர்வழி என்று மறுபக்கம் சாய்ந்தேன். எச்பிஐயில் பஞ்சுக் குச்சி என்ற சொல் தெரிந்தாலே எஸ்09.2. ஒரு சிறுவனின் அம்மா, "நேற்று பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டேன்" என்று பேச்சுவாக்கில் சொன்னதை டாக்டர் எழுதி வைத்திருந்தார். அசெஸ்மென்ட்டில் ஒடைட்டிஸ் மீடியாவும் ஓட்டையும் இருந்தன, காயம் என்று ஒரு சொல் இல்லை. நான் காயமாக்கினேன். காயக் கோட் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி பல நேரம் பணத்தை நிறுத்திவைத்து, விபத்து எங்கே நடந்தது, வேறு யாராவது பொறுப்பா என்று நோயாளிக்குக் கேள்வித்தாள் அனுப்பும். அந்த அம்மாவுக்கும் போயிருக்கிறது. காது வலிக்கு மருந்து வாங்கப் போனவருக்கு, குழந்தைக்கு என்ன விபத்து என்று கடிதம் வந்தால் எப்படி இருக்கும்? அவர் மருத்துவமனையைக் கேட்க, மருத்துவமனை எங்கள் கம்பெனியைக் கேட்க, கிளையண்ட் எஸ்கலேஷன் என்ற தலைப்பில் என் பெயரோடு மெயில் வந்தது. என்னை ப்ரொடக்ஷனிலிருந்து இறக்கி, அந்த மாதம் நான் போட்ட காது சார்ட் அத்தனையும் மறுபடி பார்க்கச் சொன்னார்கள். அந்த இரண்டு சனிக்கிழமைகள் அப்படிப் போனவைதான்.

அந்தச் சனிக்கிழமைகளில்தான் க்வெரி எழுதக் கற்றுக்கொண்டேன். சார்ட்டில் இல்லாததை நான் ஊகிக்கவும் கூடாது, இருக்கும் குழப்பத்தை விழுங்கவும் கூடாது என்றால் டாக்டரைக் கேட்பதைத் தவிர வழியில்லை. முதலில் எழுதியது இது: "நோயாளி பஞ்சுக் குச்சி பயன்படுத்தியதாக உள்ளது. இது ட்ராமாட்டிக் ரப்சர் (காயத்தால் வந்த கிழிசல்) என்று உறுதிப்படுத்த முடியுமா?" திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதிலை நானே டாக்டர் வாயில் ஊட்டுகிறேனாம். லீடிங் க்வெரி. அஹிமா, ஆக்டிஸ் என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து க்வெரி எப்படி இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கின்றன, அதைப் படித்த பிறகு இப்படி மாற்றினேன். சார்ட்டில் இருக்கும் அடையாளங்களை அப்படியே எடுத்து வைத்தேன், எந்தத் தேதி, எந்தப் பகுதி என்பதோடு. பிறகு, "செவிப்பறை ஓட்டையின் காரணத்தை உங்கள் மருத்துவ முடிவின்படி தெளிவுபடுத்தவும்" என்று ஒரு வரி. கீழே தேர்வுகள்: காயத்தால், அக்யூட் தொற்றால், நாள்பட்ட தொற்றால், வேறு காரணம், தீர்மானிக்க இயலாது. கடைசி இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். பணத்தைப் பற்றியோ எந்தக் கோடுக்கு எவ்வளவு வரும் என்றோ ஒரு சொல்லும் வரக் கூடாது.

காது சார்ட்டில் நான் அதிகம் க்வெரி அனுப்புவது காரணத்துக்காகக்கூட இல்லை, முரண்பாட்டுக்காக. அசெஸ்மென்ட்டில் வலது காதில் ஓட்டை, எக்ஸாம் பகுதியில் "இரு செவிப்பறையும் இன்டாக்ட்", அதாவது ஓட்டை இல்லை. டெம்ப்ளேட் தானாகக் கொட்டிய வரியை டாக்டர் அழிக்க மறந்திருப்பார். எது நிஜம் என்று நமக்குத் தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கில்லை. அப்புறம் ஏடி, ஏஎஸ், ஏயூ என்று சுருக்கி எழுதும் டாக்டர்கள். லத்தீனில் ஏடி வலது, ஏஎஸ் இடது, ஏயூ இரண்டும். ஒரு வாரம் முழுக்க ஏஎஸ்ஸை வலது என்று படித்தேன். இப்போது மானிட்டர் விளிம்பில் வலப்பக்கம் ஏடி என்றும் இடப்பக்கம் ஏஎஸ் என்றும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறேன், யார் சிரித்தாலும் கவலையில்லை. இன்னொன்று, வெளிநோயாளி சார்ட்டில் "பாஸிபிள் பெர்ஃபொரேஷன்" என்று இருந்தால் ஓட்டையைக் கோட் செய்யக் கூடாது. காது வலி என்றால் எச்92.0, ஒழுக்கு என்றால் எச்92.1 என்று அறிகுறியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆபரேஷன் குறிப்புக்கு வந்த பிறகும் ஒரு பள்ளம் இருந்தது, நல்ல வேளை விழும் முன் ஒரு சீனியர் அக்கா பிடித்தார். தலைப்பில் மிரிங்கோபிளாஸ்டி என்று இருந்தது, நான் 69620 போட்டுவிட்டேன். "தலைப்பைப் படிச்சியா, உள்ளே படிச்சியா?" என்றார் போனில். உள்ளே பார்த்தால் காதுக்குழாய்த் தோலோடு ஃபிளாப் தூக்கி, நடுக்காதுக்குள் போய், சிற்றெலும்புகள் அசைகின்றனவா என்று பார்த்து, ஃபேஷியா (தசையுறை) கிராஃப்டைச் செவிப்பறைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். 69620 செவிப்பறையோடும் கிராஃப்ட் எடுத்த இடத்தோடும் நிற்கும் வேலைக்கு. நடுக்காதைத் திறந்தால் டிம்பனோபிளாஸ்டி. சிற்றெலும்பைத் தொட்டுச் சரிசெய்யவில்லை, காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பையும் திறக்கவில்லை என்பதால் 69631. சர்ஜன் பழக்கத்தில் எழுதும் தலைப்பை நம்பி ஒரு பெரிய அறுவை சிகிச்சையைச் சின்னதாக்க இருந்தேன். அதிலிருந்து ஆபரேஷன் குறிப்பின் தலைப்பை நான் கடைசியில்தான் பார்க்கிறேன்.

வேகம் குறைந்தது உண்மை. காது சார்ட் ஒன்றுக்கு இப்போது ஆறேழு நிமிடம் ஆகிறது, முதலில் எச்பிஐ, பிறகு எக்ஸாம், கடைசியில்தான் அசெஸ்மென்ட். அந்த நேரத்தை மூக்கு சார்ட்களில் பிடித்துக்கொள்கிறேன். டீம் லீடர் சார் முதல் மாதம் முறைத்தார், க்வாலிட்டி 97 வந்ததும் விட்டுவிட்டார். இன்சென்டிவ் நான்காம் மாதம் திரும்பி வந்தது, போன 10,500 போனதுதான்.

போன வாரம் ஒரு சார்ட். வலது காதில் ஓட்டை. எச்பிஐயில் மூன்று வாரமாகக் காது மந்தம், எப்போது வந்தது என்று நோயாளிக்கே தெரியவில்லை, போன மாதம் சளி, இடையில் ஒரு முறை நீச்சல், சின்ன வயதில் காது ஒழுகிய ஞாபகம். எல்லாக் காரணமும் இருந்தன, எதுவும் காரணமாக எழுதப்படவில்லை. க்வெரி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது, கடைசித் தேர்வில் ஒரு டிக்: தீர்மானிக்க இயலாது. கோட் புத்தகத்தின் இண்டெக்ஸில் ரப்சர், இயர் டிரம் என்று போய்ப் பார்த்தால், காயம் என்று சொல்லாத வரை அது பெர்ஃபொரேஷன் பக்கம்தான் அனுப்பும். கடைசியில் போட்டது அதே எச்72.91. ஆடிட்டில் அந்தச் சார்ட் சிக்கியது, க்வெரி பதிலைப் பார்த்துவிட்டுப் பச்சை அடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.